மூணாவது ராசாத்தி

கடலோரத்தில் கஸ்பார் என்றொரு மாலுமி புதிதாக ஒரு பாய்ப்படகு வாங்கினான். அவனுக்கு அது மூன்றாவது. அதன் விலாவைத் தடவி, “ராசாத்தி, இனிமே எனக்கு நீ மட்டுந்தான்” என்றான். படகுக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் படகு கரையில் கவிழ்ந்து கோழிக்கூடாகக் கிடந்தது. இரண்டாவது, ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. புதுப்படகு இரண்டையும் பார்த்துப் பாயைச் சிலுப்பிக்கொண்டது.

“ஏ டப்பா, இவளுக ஏன் இப்படிச் சீரழிஞ்சாளுக?”

தண்ணீர் இறைக்கும் அந்தத் தகர டப்பா மூன்று படகிலும் குப்பை கொட்டிய பழைய ஆள்.

“முதல்ல வந்தவ ஒல்லின்னார். அடுத்தவ குண்டுன்னார்.”

“நான் அளவெடுத்துச் செஞ்சவ, தெரியுமில்ல?”

“தெரியும் தாயி. அவளுகளும் அதைத்தான் சொன்னாளுக.”

இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் நடுக்கடலில், உயர்ந்த பாயோடு வேறொரு படகு விர்ரென்று கடந்து போனது. அந்தப் பக்கம் திரும்பிய கஸ்பாரின் கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டது.

“அடடா, என்ன ஒயிலு!” என்றான். பிறகு காலடியைப் பார்த்து, “இதுவும் இருக்கே, ஆமை மாதிரி” என்று முனகினான்.

படகு இப்போது டப்பாவிடம் குழைந்து பேசியது.

“அக்கா, கோழிக்குக் கூடு, ஆட்டுக்குத் தொட்டின்னு எல்லாம் ஆயிடுச்சே. என்னைக் கரையேத்தி அவருக்கு என்ன ஆகப்போகுது?”

டப்பா லேசாக உருண்டது.

“நேத்துச் சந்தையிலேர்ந்து ஒரு கூடையை நீதானே தாயி சுமந்துட்டு வந்தே? உள்ள இருந்தது வாத்து.”