கொப்பியா, ஒரிஜினலா

“அண்ணா, கெதியாச் சொல்லுங்க. இதா, அதா? பின்னேரம் எனக்கு ஊருக்கு ப்ளைட்.”

சுவிஸில் ஓர் இசைக்கருவிக் கடைக்குள் நின்றபடி நிலாந்தினி கேட்டாள். கல்முனையில், வீட்டு விறாந்தையில், போனைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அண்ணன் சுரேஸ் திருதிருவென்று முழித்தான்.

திரையில் இரண்டு சிந்தசைசர்கள், கீபோர்ட் மாதிரி இசைப் பெட்டிகள். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே மாதிரிக் குமிழ்கள். ஒன்று, நாற்பது வருடத்துக்கு முன் வந்த பழைய மொடலை, அதைச் செய்த கம்பனியே இப்போது மறுபடி செய்து வெளியிட்டது. மற்றது, வேறொருவன் அதைப் பார்த்துச் செய்தது. முதலாவதின் விலைக்கு இரண்டாவதில் ஆறு வாங்கலாம்.

விலையைப் பார்க்க வேண்டாம், வாங்கித் தருவது நான் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். விலையும் இல்லையென்றால் மனுசன் எதை வைத்துத்தான் முடிவெடுப்பது?

காலையில் பஸாருக்குப் போய், போன் கடை ஜவுபர் காக்காவிடம் கேட்டிருந்தான். ஒரிஜினல், கொப்பி என்று வந்தால் ஊரில் அவரிடம்தான் கேட்பார்கள்.

“செஞ்ச கம்பனியே திரும்பச் செஞ்சா அது ஒரிஜினல்தான் தம்பி,” என்றார் காக்கா. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். “ஆனா, பழசப் பாத்துத்தானே அவனும் செய்யிறான்? அப்ப அதுவும் கொப்பிதானே?”

ஒரு குழப்பத்தோடு போனவன் இரண்டு குழப்பத்தோடு வீடு வந்தான்.

உண்மையான ஒரிஜினல் சுரேஸிடம்தான் இருந்தது. கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கழித்துவிட்ட பெட்டி. அதை வாங்கிவந்து இருபது வருடம் கோயில் திருவிழாக்களில் வாசித்தான். பக்கத்தில் நின்று பாடியவள் கிருசாந்தி. பாட வந்தவளையே கலியாணமும் கட்டினான். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மாரியில் இடி விழுந்து பெட்டி எரிந்துபோயிற்று.

புதுக் கீபோர்ட் வாங்கினான். அதோடு ஏறிய முதல் மேடையிலேயே கிருசாந்தி பாதிப் பாட்டில் நின்றுவிட்டாள். அப்படியே வாசித்தால் அவளுக்குச் சுருதி ஏறிப்போயிற்று. அரைக் கட்டை இறக்கினால் குறைந்தது. சனம் சிரித்தது. வயது போனால் தொண்டையும் போகும்தானே என்று ஊர் கதைத்தது.

சுரேஸாவது வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, “பெட்டி சரி. உன்ட சுருதிதான் பிழை,” என்றான்.

அன்றைக்கு மூடிய வாய்தான். கிணற்றடியில்கூட அவள் ஒரு வரி முணுமுணுத்ததில்லை. கீபோர்ட் அலுமாரிக்கு மேலே ஏறிற்று. சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பதென்று தெரியாமல் அவன் பழைய பெட்டியின் சத்தத்தைத் தேடிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் வந்தால் அவள் பாடுவாள். அவனுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

நிலாந்தினி முதலில் விலை கூடியதை வாசித்தாள். குண்டான, நல்ல சத்தம். குசினியில் கிருசாந்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நிற்கவில்லை.

பிறகு கொப்பி. அதுவும் குண்டான, நல்ல சத்தம். துருவல் நிற்கவில்லை.

ஐயோ கடவுளே! இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. இரண்டும் அதுவாக இல்லை. கண்ணை மூடிக் கேட்டான். போனைக் காதோடு அழுத்திக் கேட்டான். மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னதில் இப்போது எது எதுவென்பதும் மறந்துபோயிற்று.

நிலாந்தினிக்குக் கை உளைந்தது. போனை மறு கைக்கு மாற்றும்போது அவளது ஜக்கெட் குமிழ்களில் உரசிற்று. ஏதோ ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தாள்.

துருவல் நின்றது.

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. அம்மன் பாட்டின் முதல் வரி. பாடுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. குரல் நேரே போய் அந்தச் சுரத்தில் உட்கார்ந்தது. சுரேஸ் போனை வாயருகே கொண்டுபோனான்.

“இதான்! இதான் நிலா! இது எது?”

அவள் வாயைத் திறக்கமுன், கடைக்காரர் ஓடிவந்து, என்னவோ சொல்லிச் சிரித்து, ஒரு குமிழைத் திருகினார். சுரம் கொஞ்சம் ஏறிற்று.

கிருசாந்தியின் குரல் அறுந்தது.

“என்னவாம்?”

“சுருதிக் குமிழில என்ட கை பட்டுட்டாம் அண்ணா. கால் கட்டை குறைஞ்சு பிழையா நிண்டதாம். சரியாக்கிட்டாராம்.”

கால் கட்டை. கோயில் வீதி வெயிலில் காய்ந்து காய்ந்து எப்போதோ சுருதி இறங்கிவிட்ட பழைய பெட்டி. தபேலாக்காரன் அதற்கே சுருதி கூட்டினான், வயலின்காரன் அதற்கே கூட்டினான், அவளும் அதற்கே பாடினாள். ஆக, இருபது வருடமும் பெட்டிதான் பிழை. அந்தச் சுருதியைப் பதினொரு வருடம் வாயே திறக்காமல் மயிரிழை பிசகாமல் வைத்திருந்திருக்கிறாள் மனுசி.

“திரும்பப் பிழையாக்கச் சொல்லு!” என்று கத்தினான்.

“அப்ப எதை எடுக்க? அந்தக் குமிழ் ரெண்டிலயும் இருக்காம்.”

சுரேஸ் போனை வைத்துவிட்டு, கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த கீபோர்ட்டை இறக்கினான். அதிலும் சுருதிப் பொத்தான் ஒன்று இருந்தது. இருப்பது அவனுக்கு எப்போதும் தெரியும். கம்பனியிலிருந்து சரியாக வந்ததை யார் போய் அமத்துவார்கள்?

தூசியைக்கூடத் தட்டாமல் வயரைச் சொருகி, பொத்தானை அமத்தி அமத்திக் கால் கட்டை இறக்கினான். அந்தச் சுரத்தைப் பிடித்தான்.

கிருசாந்தி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“பெட்டிதான் பிழை புள்ள,” என்றான் சுரேஸ். “நீ சரி.”

அவள் கையிலிருந்த பாதித் தேங்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள்.