கொத்தனார் அடைத்த ஓட்டை

பட்டப்பகலில், சொந்த வீட்டின் கொல்லைச் சுவருக்கே கன்னம் வைத்துக்கொண்டிருந்தார் தையல்காரர். கையில் மழுங்கிப்போன பழைய கத்தரிக்கோல், வாயில் வசவு.

"யாராவது பாத்தா திருடன்னு நினைக்கப் போறாங்க," என்றாள் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி.

"நினைக்கட்டும். சொந்த வீட்டுல திருடுறவனை எந்தப் போலீஸ் பிடிக்கும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று தொடங்கிய சண்டை, முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட தம்பியின் மாமனார் புண்ணியத்தில் சுவராக எழுந்து நின்றது. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

அதில்கூடத் தையல்காரருக்கு அவ்வளவு வருத்தமில்லை. கொல்லையில் கிடந்த, துணி வெட்டும் பழைய மேசைக்கு அடியில் ஒரு முள்ளெலி குட்டி போட்டிருந்தது. இவர் பக்கம் முழுக்கச் சிமெண்ட் தளம். புழு, வண்டு, நத்தை எல்லாம் தம்பி தோட்டத்தில்தான். தாய் இரைக்குப் போக வழியில்லை என்றால் குட்டிகள் பிழைக்காது.

முன்பொரு தடவை அதன் காலில் சுற்றிக்கொண்ட நூலை இவர்தான் அறுத்துவிட்டார். அது குத்தியதில் இவருக்குப் புகார் இல்லை. ஊசியிடம் வாங்கிப் பழகிய கை.

ஆகவே, சுவரின் அடியில் ஓர் ஓட்டை.

மறுநாள் தம்பி அதைப் பூசி அடைத்தான். இவர் குடைந்தார். அவன் மறுபடி அடைத்தான். தூரத்தில் நாற்காலி போட்டு மாமனார் மேற்பார்வை.

"கெட்டியா அடைங்க மாப்பிள்ளை! முள்ளு வச்ச பிராணியெல்லாம் என் மக வீட்டுப் பக்கம் வரக் கூடாது!"

"யானை முட்டினாலும் உடையாது மாமா!"

வெறும் பேச்சில்லை. தம்பி கொத்தனார். அவன் பூசிய சுவரில் ஆணி அடிக்கப் போனவர்கள், வளைந்த ஆணியோடும் வீங்கிய கட்டைவிரலோடும் திரும்பியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவன் பூச்சு, தையல்காரரின் கத்தரிக்கோல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாத்தியா, என் கை பலத்தை?"

"ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கவே கை வலிக்குதும்பீங்க," என்றாள் மனைவி.

அன்று மாலை ஓட்டை மறுபடி அடைபட்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து மாமனார் குரல் கிளம்பியது. "இனிமே ஒரு தடவை உடைஞ்சுது, அந்த முள்ளெலியைச் சாக்குல கட்டி ஆத்துப் பக்கம் விட்டுட்டு வந்துடுவேன்!"

"விட்டுத்தான் பாருங்களேன்! உங்க சுவரையே மூட்டை கட்டி உங்க தலையில வைக்கிறேன்!" என்று திருப்பிக் கத்தினார் தையல்காரர்.

மாமனார் நாற்காலியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகும் சத்தம் கேட்டது. தையல்காரர் மண்டியிட்டு, கத்தரிக்கோலை ஓங்கி ஒரே குத்து. அடைப்பு மொத்தமாக விழுந்தது.

மேசைக்கு அடியிலிருந்து மூக்கு நீண்டது. பின்னாலேயே முள்ளெலி வந்தது. உலகத்தில் சண்டை என்று ஒன்று இருப்பதே தெரியாததுபோல் குடுகுடுவென்று ஓடி, ஓட்டைக்குள் புகுந்து தோட்டத்தில் மறைந்தது.

வெற்றி தலைக்கேறிவிட்டது. தம்பியிடம் இத்தனை நாள் கட்டிக்காத்த மௌனத்தை உடைத்து, ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினார் தையல்காரர்.

"டேய் கொத்தனாரு! இந்த லட்சணத்துலதான் ஊருக்கெல்லாம் வீடு கட்டுறியா? ஒரு தையல்காரன் குத்துக்குத் தாங்கலையேடா உன் சிமெண்ட்டு! இன்னும் நூறு தடவை அடைடா, நூறு தடவையும் உடைப்பேன்!"

ஓட்டைக்குள்ளிருந்து முதலில் ஓர் 'உஷ்' வந்தது. பிறகு தம்பியின் குரல், ரகசியமாக.

"கத்தாதண்ணே, மாமா காதுல விழப்போகுது... வெறும் மணலைத்தான் அப்புறேன். சிமெண்ட் வச்சா அது எப்படி வரும்?"