கை தட்டினால் எரியும் விளக்கு

“கை வராம படுத்திருக்கறவங்களுக்குக் கை தட்டுற சுவிட்சா? கேட்டா ஊரே சிரிக்கும்ப்பா!”

வேலப்பன்சாவடியிலிருந்து வந்த அஸ்வின், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

அவன் அம்மா ஞானம்மாளுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கை அசையாது. கட்டிலை விட்டு இறங்க முடியாது. அவள் அறையில் போய், ஒரு தடவை கை தட்டினால் எரிந்து, மறுபடி தட்டினால் அணைகிற விளக்கை மாட்டி வைத்திருந்தார் அப்பா சுப்பராயன். இத்தனைக்கும் ஆவடி ஃபாக்டரியில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த மனுஷர்.

“நான்தான் ஊட்லயே கீறேனே. கூப்ட்டா வரப்போறேன்.” சுப்பராயன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒவ்வொரு தடவையும் அம்மா உங்களைக் கெஞ்சணுமா? ரிமோட் வாங்கிட்டு வந்திருக்கேன். இதைக் கழட்டிடுங்க.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏங்க... இருட்டிடுச்சு.”

சுப்பராயன் எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஞானம்மாள் இடது கையை நீட்டினாள். அவர் தன் வலது கையால் அதில் தட்டினார். விளக்கு எரிந்ததும், பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அஸ்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, டம்ளரை மேஜைமேல் ‘ணங்’கென்று வைத்தான்.

விளக்கு அணைந்தது.

மறுபடி வைத்தான். எரிந்தது.

“அம்மா! டம்ளர் சத்தத்துக்கே எரியுதும்மா! இனிமே நீயே தட்டிப் போட்டுக்கலாம். அவரைக் கூப்பிடவே வேணாம்.”

“தெரியும்டா. மாட்டின அன்னிக்கே தெரியும்.”

“பின்னே ஏம்மா...?”

“டே ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்னு ஓடினாரு. வந்தா தூங்குவாரு. நல்லா இருந்தப்ப ஒரு நாள் என் கையைப் புடிச்சதில்லடா. ஏங்கியே வயசாயிடுச்சு. இப்பதான் நாளைக்கு நாலு தடவை பக்கத்துல வந்து உக்கார்றாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவருகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

அஸ்வின் ரிமோட்டைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

பால் பாக்கெட்டோடு கேட் பக்கத்தில் நின்று, அம்மாவின் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார் சுப்பராயன்.

“லைட்டு அணைஞ்சு எரிஞ்சுதே. எதையாவது தட்டுனியா?”

“டம்ளர்ப்பா. தெரியாம பட்டுடுச்சு.”

அவர் முகம் சுண்டிப்போனது. “உங்கம்மா கவனிச்சிட்டாளா?”

“இல்லப்பா.”

அப்பாடா என்று மூச்சு விட்டார் சுப்பராயன். பிறகு அவன் தோளைப் பிடித்து, ரகசியம் போலச் சொன்னார்:

“அவளுக்குத் தெரிய வேணாம் நைனா. தெரிஞ்சா அப்பறம் என்னைக் கூப்பிடவே மாட்டா.”