உறவினர்கள் வந்ததும்

ஆசிரியர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கார்ட்டூனிஸ்டின் கையைப் பிடித்தபடியே நின்றார்.

கை சுடத்தான் செய்தது. மூன்று நாள் காய்ச்சல்.

மேஜைமேல் இன்றைய பத்திரிகை கிடந்தது. முதல் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், கார்ட்டூனிஸ்டின் பழைய படம். கீழே கொட்டை எழுத்தில்: காலமானார்.

உண்மையில் செத்தது ஓர் அரசியல் தலைவர். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். முப்பது வருடமாக அந்தத் தலைவரின் மூக்கை நீட்டி நீட்டி வரைந்து, அடியில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவந்தார் கார்ட்டூனிஸ்ட். அது வரைந்தவர் பெயரா, வரையப்பட்டவர் பெயரா என்று வாசகர்களுக்குப் பாதி நாள் குழப்பம்தான்.

நேற்று மாலை யாரோ பெயரை மட்டும் சொல்லி, போய்விட்டார் என்று போன் செய்திருக்கிறார்கள். நம்ம ஆள்தான் என்று ஆபீஸே முடிவு கட்டிவிட்டது. காய்ச்சலில் படுத்தவர் போனை அணைத்து வைத்திருந்தார். அதுவே சாட்சியாகிவிட்டது.

இன்று வாசலில் காவலாளி இவருக்கு வழக்கம்போல வணக்கம் வைத்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நின்று. வரைகிற மேஜையில் யாரோ பூங்கொத்து வைத்திருந்தார்கள்.

புகழ்ச்சிக்குக் குறைவில்லை. இத்தனை வருடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள் அரைப் பக்கம் சொல்லியிருந்தார்கள். காலையில் வீட்டில் அதைப் படித்தபோது, முன்பின் தெரியாத யாரோ செத்ததைப் படிப்பதுபோலத்தான் இருந்தது. கடைசி இரண்டு வரியை மட்டும் மறுபடி படித்தார்.

‘அவருக்கு ஒரு மகள் இருக்கிறார். உறவினர்கள் வந்ததும் இறுதிச் சடங்கு நடைபெறும்.’

இரண்டாவது, விவரம் தெரியாதபோது எல்லோருக்கும் போடுகிற வரிதான்.

அந்த ஒரே மகள் இவரோடு பேசி ஏழு வருடமாகிறது. அவள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, சம்பந்தியாக வேண்டியவரைத் தலைவரின் சட்டைப்பைக்குள் உட்கார வைத்து வரைந்தார். படம் நன்றாக அமைந்தது. கல்யாணம் நின்றுபோனது. அவள் கண்காணாத ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். இவர் போட்ட போன் எதையும் எடுத்ததில்லை.

அந்த ஊருக்கும் இந்தப் பத்திரிகை போகிறது. அங்கிருந்து ரயிலில் வர இரண்டு நாள்.

“செத்ததாச் செய்தி வந்தா ஆயுசு கெட்டி சார்! நாளைக்கே முதல் பக்கத்துல திருத்தம் போட்டுடறேன்” என்றார் ஆசிரியர்.

“தலைவர் செத்ததை நாளைக்குப் போடுங்க. என்னை ரெண்டு நாள் அப்படியே விட்டுடுங்க. ஒரே பேர்ல ரெண்டு பேர் சாகக் கூடாதா என்ன?”

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். புகழ்ச்சி இனிக்கிறதாக்கும் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

கேட்ட பிறகு கார்ட்டூனிஸ்டுக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் கொஞ்சம்தான்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போனை இன்னும் அவர் உயிர்ப்பிக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது மகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“செத்தா சொல்லி அனுப்புங்கப்பா. வர்றேன்.”

சொல்லி அனுப்பியாகிவிட்டது.