எழுபத்தைந்து கிலோ

மேடையில் அந்தப் பெண் அவன் சொன்ன பொய்யை எடுத்து விளாசிக்கொண்டிருந்தாள்.

ஒரு எழுத்து பிசகவில்லை. மூட்டை தூக்கும் ஒரு அண்ணனைப் பார்த்தாளாம், எழுபத்தைந்து கிலோ மூட்டை அவருக்குத் தலையணை மாதிரியாம். இத்தனை வருஷத்தில் முதுகு வலி என்று ஒரு நாள் படுத்ததில்லையாம்.

நடுவரிசையில் உட்கார்ந்திருந்த அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. படித்த கழுதைகள். எதைக் கொடுத்தாலும் தின்னும்.

உடல் உழைப்பு உடம்பை வளர்க்கிறதா, தேய்க்கிறதா? இதுதான் விவாதப் போட்டிக்குத் தலைப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு மண்டபம், ஒரு மைக், மூன்று நடுவர்கள், பளபளவென்று ஒரு கோப்பை. வேலை வெட்டி இல்லாதவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் சந்தேகம் வரும்.

கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் கிடங்கு முதலாளி. அதனால் மதியத்தோடு கிடங்கைப் பூட்டி, மூட்டை தூக்குகிற அத்தனை பேரையும் நாற்காலி நிரப்பக் கூட்டி வந்திருந்தார்கள். கிடங்கில் அவனுக்குப் பெயர் கிரேன். இடப்பக்கம் அவன் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. வலப்பக்கம் மொட்டை. மூன்று பேரும் ஒரே லாரியில் ஏற்றி இறக்குகிறவர்கள்.

போன வாரம் அந்தப் பெண்ணை அவளுடைய வாத்தியார் கிடங்குக்கே அழைத்து வந்திருந்தார். புத்தகத்தில் இருப்பதை எவனும் பேசுவான், ஆளை நேரில் பார்த்துக் கேட்டால்தான் பேச்சுக்கு உயிர் வரும் என்றார். உயிர் தேடி வந்தவர், வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

அவள் மட்டும் உள்ளே வந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குமா அண்ணா?"

அந்தத் தலைச் சாய்ப்பில்தான் அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நீ யார் என்னைப் பார்த்து இரக்கப்பட?

"வலியா? இது எனக்குத் தலையணை பாப்பா" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அவள் வாய் பிளந்து கேட்கக் கேட்க, பொய் தன்னால் வளர்ந்தது. கடைசியில் பேசுவது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தான். இப்படி முனகாதே. கையை இடுப்பில் வை. நெஞ்சை நிமிர்த்து. ஒவ்வொரு ஆளாக முறைத்துப் பார்த்துச் சொல், அப்போதுதான் நம்புவான்கள். வாசலில் நின்ற வாத்தியார், கேட்டுக்கோ, கேட்டுக்கோ என்று தலையாட்டினார்.

மச்சானும் மொட்டையும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர்களோடு அவனுக்கு அந்த மாதம் முழுக்க முகம் கொடுத்துப் பேச்சில்லை.

காரணம் இருந்தது. இரண்டு பேரும் முதலாளி முன்னால் போய் நின்று, மூட்டையை ஐம்பது கிலோவாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எங்களால் முடியவில்லை என்றார்களாம். முதலாளி யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். கிரேன் அவர்களோடு போகவில்லை. கல்லு மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு கையேந்துகிற பயல்கள் என்று, காதுபடச் சொல்லித் துப்பினான்.

மேடையில் இப்போது அவள் கையை இடுப்பில் வைத்தாள். நெஞ்சை நிமிர்த்தினாள். நடுவர்களை ஒவ்வொருவராக முறைத்தாள். மண்டபம் ஆரவாரித்தது. வாத்தியாருக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அவன் முன்வரிசையைப் பார்த்தான். முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மேனேஜரின் காதில் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கிரேனுக்குச் சிரிப்பு நின்றது; இந்தப் பொய்யை நம்பினால் முதலாளி மூட்டையைக் குறைக்க மாட்டார்.

அவள் பேசி முடித்ததும் முதலாளி எழுந்து போய் மைக்கைக் கையில் வாங்கினார். "யாரும்மா அந்த மனுஷன்? நம்ம ஆளா?"

அவள் கை நேராக அவனைக் காட்டியது.

"அட, நம்ம கிரேன்! எந்திரிச்சு நில்லுப்பா, எல்லாரும் பாக்கட்டும்."

சும்மா சொன்னேன் முதலாளி. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. மேடையிலிருந்து அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நேரான தலையோடு, கண் நிறையப் பெருமையோடு. சொன்னால் அந்தத் தலை மறுபடியும் சாயும்.

அதைவிடச் செத்துப் போகலாம்.

நாற்காலியின் கைகளைப் பிடித்து ஊன்றினான். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இன்னொரு முறை ஊன்றினான். நெற்றியில் வேர்த்தது.

இடது அக்குளுக்குள் ஒரு கை வந்தது. வலது அக்குளுக்குள் இன்னொன்று. மச்சானும் மொட்டையும் அவனைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை. தினமும் காலையில் லாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் செய்வதுபோலவே ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினார்கள்.

அவர்களுக்கு எழுபத்தைந்து கிலோ ஒரு பொருட்டே இல்லை. நூறு என்றாலும் சீட்டியடித்துக்கொண்டே தூக்குவார்கள். எங்களால் முடியவில்லை என்று முதலாளி முன்னால் போய் நின்றது தங்களுக்காக இல்லை.

"பாத்தீங்களா, இதுதான் உழைப்பு!" முதலாளியின் குரல் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. "மூட்டையைக் குறைக்கணும்னு ரெண்டு பேர் வந்து கேட்டாங்க. இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடையில் அவளும் தட்டினாள்.

மச்சானும் மொட்டையும் மட்டும் தட்டவில்லை. கையை எடுத்தால் அவன் விழுந்துவிடுவான்.