குப்பியும் கையுமாக

புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவின் பெஞ்சில், சிறுநீர்க் குப்பியும் கையுமாக ஞானசிகாமணி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. சபைப் பாடகர் குழுவுக்கு யார் தலைவர் என்று பாளையங்கோட்டையே இரண்டாகப் பிளக்கும்படி வாய்ச்சண்டை போட்டு, ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.

அவன் என் கையிலிருந்த குப்பியைப் பார்த்துப் பதறினான்.

"ஏலே எபனேசர், நீ எப்படிலே இங்கன?"

"நீ எப்படியோ, அப்படித்தாம்லே."

தாமிரபரணியில் வெள்ளம் வரும் அளவுக்கு இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

"சிறுநீர்ல மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பொடிசா ஏதோ இருக்காம். புற்றுநோய் வந்தா அதோட அளவு மாறுமாம். அதைத்தான் பாக்காவ. நீ பயப்படாதலே" என்று தேற்றினான் அவன்.

"நான் எதுக்குப் பயப்படுதேன்? நீ தைரியமா இரு. தலைவர் பதவியும் ஒனக்குத்தான்."

அவன் இருக்கிற கொஞ்ச நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று, அங்கேயே குருவானவருக்குப் போன் போட்டு, "தலைவர் ஞானசிகாமணியே" என்றேன். அவன் போனைப் பிடுங்கி, "இல்லைய்யா, எபனேசரே இருக்கட்டும்" என்று விம்மினான். எவ்வளவு பெரிய மனசு!

நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"நோயாளிங்க எல்லாரும் குடுத்தாச்சு. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு வந்திருக்கிற, நோய் இல்லாதவங்க மட்டும் வாங்க."

நான் பைய எழுந்தேன். ஞானசிகாமணியும் எழுந்தான்.

ஒருவரையொருவர் முறைத்தோம். குப்பிகளை நர்ஸ் கையில் திணித்துவிட்டு, இருவரும் குருவானவருக்குப் போன் போட்டோம். அவனுக்குத்தான் முதலில் லைன் கிடைத்தது. பாவி, விரலில்கூட அவ்வளவு ஆரோக்கியம்!