விலாவில் ஆணி வைத்த தோட்டாக்கள்

வெள்ளவத்தையில் இருந்த சிவபாதசுந்தரம், இறந்துபோன தகப்பனின் ரிவால்வரை 1959இல் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார். அதன் ஆறு தோட்டாக்கள் மட்டும் ஒரு பவுடர் டின்னில் தங்கிவிட்டன. பழைய காலத்து வகை. ஒவ்வொன்றின் விலாவிலும் சின்ன ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் அடி விழுந்தால்தான் வெடிக்கும்.

ஐந்து வருஷம் கழித்து அலுமாரியை ஒதுக்கிய அவர் மனைவி நேசமலர், அந்த டின்னில் ஒரு தோட்டாவின் ஆணி உள்ளே அமுங்கியிருப்பதைக் கண்டாள். குண்டு இல்லை. வெறுங்கோதில் மருந்து மணத்தது.

சிவபாதசுந்தரம் அதைப் புறக்கோட்டையில் துவக்குத் திருத்தும் கிழவரிடம் காட்டினார். கிழவர் முகர்ந்து பார்த்தார்.

“இதைச் சுடுற துவக்கு இப்ப ஒருத்தரிட்டையும் இல்லை ஐயா. ஆனா இது நேற்றுத்தான் வெடிச்சிருக்கு.”

அன்று பின்னேரமே சிவபாதசுந்தரம் டின்னோடு எல்லாவற்றையும் கடலில் எறிந்தார்.

“இஞ்சாருங்கோ, அந்தக் குண்டு எங்க போனது?” என்று நேசமலர் கேட்டாள்.

“உமக்கு விசர்,” என்று சிரித்தார்.

திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போடும் கந்தோர்ச் சட்டையை அயர்ன் பண்ண விரித்தாள். இடது பொக்கற்றில் வட்டமாக ஓர் ஓட்டை, விளிம்பு கருகி. அதை ஒளித்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதிலும் அதே இடத்தில் ஓட்டை. மற்றச் சட்டைகளையும் உதறிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தது.

“சேட் எங்கயப்பா? பஸ் போகப்போகுது,” என்று அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

தீபாவளிக்கு வாங்கிய புதுச் சட்டை பெட்டிக்குள் இருந்தது. கடைக்காரன் ஒட்டிய கடதாசியைப் பிரித்தாள். அதிலும் அதே ஓட்டை. அதன் விளிம்பு இன்னும் சுட்டது.